மனவடு ஆற ஓர் ஆற்றுப்படை

உடலில் பட்ட காயத்துக்கு மருந்து கேட்க நாம் நாணுவதில்லை. உள்ளத்தில் பட்ட காயத்தையோ பெயர் சொல்லி அழைக்கவும் தயங்குகிறோம். "எல்லாம் நாளாக நாளாகச் சரியாகிவிடும்" என்பதே நம் வீடுகளில் வழங்கும் ஒரே மருந்து. காலம் பெரிய மருத்துவர்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் சில காயங்களைக் காலம் ஆற்றுகிறது; சிலவற்றை மேலே தோல் மூடச் செய்து, உள்ளே புரையோட விட்டுவிடுகிறது. அவ்வாறு புரையோடும் காயங்களுக்கு என்ன செய்வது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா எங்கோ தொலைவில் பிறந்ததன்று. சாத்தான்குளம் என்றதும் ஒரு காலத்தில் தேரியின் செம்மணலும், பனையும், கருப்பட்டி மணமும்தாம் நினைவுக்கு வந்தன. 2020 ஜூன் மாதத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் காவலில் வைக்கப்பட்டு, சில நாள்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்த பின், இவ்வூரின் பெயர் நாடெங்கும் வேறொரு பொருளில் ஒலிக்கலாயிற்று. மத்தியப் புலனாய்வுத் துறை அதனைக் கொலை வழக்காக விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 நாள்களில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. சட்டம் தன் கடமையைச் செய்கிறது. நிவாரணப் பொருள்கள் வந்து சேர்கின்றன. ஆனால், கண்டவர், கேட்டவர், காத்திருந்தவர், இரவெல்லாம் மாடியில் நின்றவர் ஆகியோரின் உள்ளத்துக்குள் என்ன நிகழ்கிறது என்று நாம் எப்போதேனும் கேட்டதுண்டா?

வடு என்பது யாது?

பொதுவாக நினைவுக்கு ஒரு தேதியும் இடமும் உண்டு. "அன்று நடந்தது, முடிந்தது" என்று அது நம்மிடம் சொல்லும். கொடிய அதிர்ச்சியின் நினைவுக்கு இந்த ஒழுங்கு இல்லை. அது கதையாக வருவதில்லை. துண்டுதுண்டான படமாக, ஓசையாக, மணமாக வருகிறது. மழை ஓட்டில் விழும் ஒலி கேட்டதும் கட்டிலின் மேல் ஏறி நிற்கும் குழந்தைக்கு அந்த வெள்ளம் சென்ற ஆண்டு வந்ததன்று, இப்போதே வந்துகொண்டிருக்கிறது. அறிவு "ஆபத்து நீங்கிற்று" என்கிறது, உடலோ நடுங்குகிறது. உறக்கத்தில் அதே காட்சி கனவாக வருகிறது; விழிப்பில் அதனை நினைவூட்டும் இடத்தையும் மனிதரையும் மனம் விலக்குகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக ஏற்றுத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பட்ட பாடு அதற்கு முதன்மையான காரணமாயிற்று. ஈழத் தமிழர் இதற்கு 'மனவடு' என்று பெயரிட்டனர். நோய் என்று மட்டும் சொல்லாமல், காயம் பட்ட இடத்தையும் சுட்டும் நல்ல சொல் அது.

மனக்கண் வழி மருத்துவம்

வடு படமாக வருகிறது. ஆதலால் படத்தின் மொழியிலேயே அதனோடு பேச வேண்டும். வழிகாட்டப்பட்ட மனக்காட்சி என்னும் சிகிச்சை முறையின் அடிப்படை இதுவே.

ஜெர்மானிய மனநல மருத்துவர் ஹான்ஸ்கார்ல் லாய்னர் 1950-களில் இம்முறைக்கு ஓர் ஒழுங்கான வடிவம் தந்தார். நோயாளியைத் தளர்வாக இருக்கச் செய்து, ஒரு புல்வெளியை மனக்கண்ணில் காணச் சொல்வார். பின் ஓர் ஓடை, ஒரு மலை, ஒரு வீடு, காட்டின் விளிம்பு என அழைத்துச் செல்வார். காணும் காட்சியை நோயாளி வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, உள்ளே அடைபட்டுக் கிடந்த உணர்வு வெளிப்படும்.

பிற்காலத்தில் இது மேலும் கூர்மை பெற்றது. மருத்துவர் முதலில் மூச்சைச் சீராக்கப் பழக்குவார். அடுத்து, அச்சமின்றி இருக்கக்கூடிய ஓரிடத்தை மனத்தில் அமைக்கச் சொல்வார். அந்த இடம் உறுதிப்பட்ட பின்னரே துயரக் காட்சியை அணுகுவார். அங்கே, "அந்த நேரத்தில் உமக்கு என்ன தேவைப்பட்டது?" என்று கேட்பார். சிறு வயதில் துன்புற்ற ஒருவர், இன்றைய வளர்ந்த மனிதராக அக்காட்சிக்குள் நுழைந்து, அழும் அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதாகக் காண்பார். இறுதி வார்த்தை சொல்ல முடியாமல் தந்தையை இழந்தவர், அவ்வார்த்தையைச் சொல்லி முடிப்பதாகக் காண்பார். பின்னர் இருவரும் மீண்டு, இன்றைய நாளுக்கும் அமர்ந்திருக்கும் அறைக்கும் வந்து சேர்வர்.

"இது வெறும் கற்பனை, நடந்ததை மாற்ற முடியுமோ?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. நடந்ததை எவராலும் மாற்ற இயலாது. ஆனால் நடந்தது நம் மீது செலுத்தும் ஆட்சியை மாற்ற இயலும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகித் தீக்கனவுகளால் துன்புற்ற 168 பெண்களிடம் பாரி கிராகோவும் அவர்தம் குழுவினரும் செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றோர் தம் கனவைத் தாம் விரும்பியவாறு மாற்றியமைத்து, அந்தப் புதிய காட்சியை நாள்தோறும் மனத்தில் ஒத்திகை பார்த்தனர். அவர்களின் தீக்கனவுகள் குறைந்தன, உறக்கம் மேம்பட்டது. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில், சிறு வயதில் கொடுமைக்கு ஆளான 155 பேரிடம் நடைபெற்ற ஆய்வு 2020-இல் வெளிவந்தது. காட்சியை மாற்றியமைக்கும் முறையையும், கண்ணசைவு வழிச் சிகிச்சை முறையையும் அது ஒப்பிட்டது. 12 அமர்வுகள் வரை நடந்த இரு முறைகளும் பெரும்பயன் அளித்தன. ஆகவே இதனை வெறுங்கற்பனை என ஒதுக்க இயலாது.

நம் கடற்கரையோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளிப்பவர் தனியே மூழ்கியதில்லை. மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். மனத்தின் ஆழத்துக்கு இறங்குவோர்க்கும் கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவரே அவர். ஆதலின் ஒலிநாடாவையோ கைப்பேசியையோ கேட்டுத் தானாகவே துயரக் காட்சிக்குள் இறங்குவது தகாது. அமைதி தரும் காட்சியை எவரும் பழகலாம். வடுவின் காட்சியைத் தனியே தொடலாகாது.

எதிர்க்கரை கற்பித்த பாடம்

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் நம் மொழி பேசும் மக்கள் முப்பதாண்டுப் போரில் பட்டதை நாம் அறிவோம். 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளம் பகுதியில் ஏதிலிகளாக வாழ நேர்ந்ததையும் அறிவோம். அத்தனை துயருக்கு நடுவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அரும்பணி ஆற்றினார். போரினால் காயமுற்ற தமிழ் உள்ளங்களைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1998-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே 'மனவடு' என்ற தமிழ் நூலையும் அவர் அளித்திருந்தார்.

நாம் கற்க வேண்டிய செய்தி ஒன்று அவர் பணியில் உண்டு. மேனாட்டு முறையை அவர் அப்படியே இறக்குமதி செய்யவில்லை. மனத்தைத் தளரச் செய்யும் பயிற்சியில் அவரவர் நம்பிக்கைக்கு உரிய சொற்களையே பயன்படுத்தினார். இந்துக்களுக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, பௌத்தர்களுக்குத் தியானம், முஸ்லிம்களுக்குத் திக்ரு என அமைத்துக்கொண்டார். ஊரில் ஏற்கெனவே இருந்த ஊன்றுகோலை அவர் ஒடிக்கவில்லை. அதனையே பிடித்து நடக்கச் செய்தார்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கையின் வடகிழக்குக் கடற்கரையில் மனவடு நோய்க்கு ஆளான 31 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு குழுவினர் தம் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லினர். மற்றொரு குழுவினர் தியானமும் தளர்வும் பழகினர். ஆறு அமர்வுகளே நடந்தன. ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது முதற்குழுவில் 81 விழுக்காட்டினரும், இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். இவ்விரண்டும் மனக்காட்சி முறைக்கு உறவினவே அன்றி, அம்முறையே அல்ல. எனினும், சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள் என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

உமறுப்புலவர் காட்டிய வழி

இங்கேதான் தமிழ்த்துறையினராகிய நமக்கு வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் மனக்காட்சிப் பயிற்சிகள் பலவற்றில், "நீங்கள் ஒரு கடற்கரையில் இருக்கிறீர்கள், அலைகள் மெல்ல வந்து உங்கள் காலைத் தொடுகின்றன" என்பது போன்ற தொடக்கம் வரும். விடுமுறைக்குக் கடலைக் காணச் செல்வோர்க்கு அது அமைதி. ஆழிப்பேரலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதுவே மீண்டும் ஒரு பேரலை. சொற்களைத் தமிழில் பெயர்த்துவிட்டால் மட்டும் இந்த இடர் தீராது; நிலத்தையும் பெயர்க்க வேண்டும்.

நிலத்துக்கும் உணர்வுக்கும் உள்ள உறவைத் தமிழர்க்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வை உரிமையாக்கியது. முல்லைக்குக் காத்திருத்தல், பாலைக்குப் பிரிவு, நெய்தலுக்கு இரங்கல். கடல் இரங்கலின் நிலம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். லாய்னரின் புல்வெளியும் ஓடையும் அவர் நாட்டார்க்கு ஏற்றவை. நம்மவர்க்கோ பனந்தோப்பின் நிழல், மாலைத் தேரியின் குளிர்ந்த மணல், குளக்கரை, திண்ணை, பள்ளிவாசல் ஹவுளின் தெளிந்த நீர் ஆகியவற்றில் ஒன்று பாதுகாப்பான இடமாகலாம். எது தமக்கு உரியது என்பதை நோயாளியே தெரிவு செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபோது, அரபு நாட்டைத் தமிழ் நிலத்தின் வளம் தோன்ற வருணித்தார். வந்த பொருள் புதிது. ஏற்கும் உள்ளம் தமிழுள்ளம் என்பதை அப்பெரும்புலவர் உணர்ந்திருந்தார். பதினேழாம் நூற்றாண்டில் காப்பியத்துக்கு அவர் செய்ததை, இன்று மருத்துவத்துக்கு நாம் செய்தல் தகும்.

ஈழத்தில் மனநல ஆலோசனையை 'ஆற்றுப்படுத்தல்' என்றும் வழங்குவர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதை மாணவர் அறிவர். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொருவனுக்கு வழியையும் வழியிலுள்ள நிலங்களையும் கண்முன் விரித்துக் காட்டுவதே அதன் இலக்கணம். காட்டுபவன் வழியறிந்தவன், ஆயினும் நடக்க வேண்டியவன் கேட்பவனே. மனக்காட்சிச் சிகிச்சைக்கும் இதனினும் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது.

ஆற்றுதல் வேறு, அழித்தல் வேறு

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மனக்காட்சி வலிமை உடையது. ஆதலாலேயே ஆபத்தும் உடையது. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் கடைவீதி வளாகத்தில் தொலைந்துபோனதாகப் பொய்யாகச் சொல்லப்பட்ட நிகழ்ச்சியை, பங்கேற்ற 24 பேரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் முழுமையாகவோ ஓரளவோ தம் நினைவாகவே ஏற்றுக்கொண்டனர். மறந்த நினைவை மீட்டுத் தருவதாகக் கூறிய சில சிகிச்சையாளர்கள், நடவாததை நடந்ததாக நோயாளிகளை நம்பச் செய்ததால் அந்நாட்டில் குடும்பங்கள் பிளந்தன, வழக்குகள் எழுந்தன.

இதனைச் சாத்தான்குளத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வழக்கில் விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம், அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதைத் துணிந்து சொன்னார். எளியவரிடம் உள்ள ஒரே ஆயுதம் பெரும்பாலும் அவருடைய நினைவுதான். அந்த நினைவை மங்கச் செய்யும் எதுவும் மருத்துவமாகாது. அநீதிக்குச் செய்யும் உதவியாகிவிடும்.

எனவே என் கருத்து இது. வடுவின் வலியை ஆற்ற வேண்டும்; உண்மையை அழிக்கக் கூடாது. மருத்துவர் நோயாளிக்கு, "இக்காட்சி நாம் அமைத்தது, நடந்தது வேறு" என்பதை ஒவ்வொரு முறையும் தெளிவாக்க வேண்டும். மறந்ததைத் தோண்டி எடுக்க இம்முறையைப் பயன்படுத்தலாகாது. சாட்சிகளின் வாக்குமூலத்தைக் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்துவிட்டால், அவர்களுக்குச் சிகிச்சையும் காலம் தாழாமல் கிட்டும். தீர்ப்பு வரும்வரை ஆண்டுக்கணக்கில் வலியோடு காத்திரு என்று ஒருவரிடம் சொல்வது இரண்டாம் தண்டனை.

இதில் மற்றொன்றும் அடங்கும். அநீதி தொடரும் இடத்தில் மனக்காட்சி பயன் தராது. அடிப்பவன் இன்னும் வீட்டில் இருக்கையில், பாதுகாப்பான இடத்தைக் கற்பனை செய் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது கொடுமை. முதலில் உண்மையான பாதுகாப்பு. அதன் பின்னரே மனத்தின் பாதுகாப்பு.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

நம் சமுதாயப் பெரியோர் சிலர், "பொறுமையும் தொழுகையும் போதாவோ?" என்று கேட்கக்கூடும். அவை தரும் வலிமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகத் திகழ்ந்த யஃகூப் நபி (அலை) அவர்களே, யூசுப் நபியைப் பிரிந்த துயரில் கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு வருந்தினார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. பொறுமை என்பது வாய்மூடி இருத்தல் அன்று. துயரை உரிய இடத்தில் முறையிடுதல் பொறுமைக்கு மாறும் அன்று.

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். அந்தத் தீ நம் எல்லோரையும் சுட்டிருக்க வேண்டும். அதன் பின் வழிபாட்டிடத்துக்கு வருவோர்க்கு மருந்தும் துஆவும் ஒருங்கே கிடைக்கச் செய்யும் திட்டம் குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொடங்கி, ஏர்வாடிக்கும் வந்தது. இரண்டும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக ஆக்கியுள்ளது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை ஜும்ஆ அறிவிப்புப் பலகையிலும், மாதா கோயில் வாசலிலும், ஊர்ச் சாவடியிலும் எழுதி வைக்கலாம்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு பணி உண்டு. நம் வட்டாரத்து மக்கள் தம் மனத்துயரை எந்தெந்தச் சொற்களால் சொல்கின்றனர் என்று தொகுங்கள். "நெஞ்சு கனக்கிறது", "உள்ளே பதறுகிறது", "மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை" என்பன வெறும் பேச்சல்ல. மருத்துவர்க்கு வேண்டிய அகராதி. அமைதி தரும் இடங்களாக அவர்கள் எவற்றைச் சொல்கின்றனர் என்றும் கேட்டு எழுதுங்கள். அத்தொகுப்பை மனநல மருத்துவர்களிடம் கொடுத்து, அவர்தம் மேற்பார்வையில் நம் நிலத்துக்கேற்ற தமிழ்ப் பயிற்சியுரைகளை உருவாக்கலாம். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவோர்க்கு இதனினும் பயனுள்ள தலைப்பு வேறில்லை.

காயமுற்ற ஒருவர் நம்மிடம் வந்தால், "மறந்துவிடு" என்று சொல்லாதிருப்போம். மறக்க முடிந்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். "நடந்தது உண்மை, அதை நான் நம்புகிறேன். அது உன்னை ஆளாதிருக்க வழியும் உண்டு, அந்த வழியை அறிந்தவரிடம் உன்னை அழைத்துச் செல்கிறேன்" என்று சொல்வோம். ஆற்றுப்படை அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குகிறது.